தெளிகனவும் பறிபோன தூக்கமும்: பலமனேர்ப் பரண்களை முன்வைத்து

கனவு காணும்போதே 'இது கனவு' என்று அறிந்திருக்கும் நிலையைத் தெளிகனவு எனலாம். லூசிட் ட்ரீம் என்ற பெயரில் அது இன்று விற்பனைச் சரக்காகிவிட்டது. அதைக் கற்றுத்தரச் செயலிகள் வந்துவிட்டன, மினுக்கும் விளக்கு பொருத்திய கண்மூடிகள் வந்துவிட்டன, காணொளிகளுக்கோ கணக்கில்லை. கனவில் பறக்கலாம், தேர்வுக்குப் பயிலலாம், இறந்தோரைக் கண்டு பேசலாம் என்று கூவி விற்கிறார்கள். இந்த ஆரவாரத்தில் ஒரு தரப்பாரின் குரல் எடுபடுவதேயில்லை. அடிக்கடி இத்தகைய கனவு வந்து, இரவு முழுதும் விழித்தும் விழியாமலும் கிடந்து, விடியும்போது அடித்துப் போட்டாற்போன்ற உடம்போடு எழுபவர்களின் குரல் அது. அவர்களுக்குக் கிடைக்கும் மறுமொழிகள் இரண்டே. 'நீங்கள் கொடுத்துவைத்தவர்' என்பது ஒன்று. 'கவலையை விடுங்கள், தூக்கம் தானாக வரும்' என்பது மற்றொன்று. முன்னது சோர்வை வரமாக்குகிறது. பின்னது தூக்கத்தைக் கெடுக்கும் சூழலை விட்டுவிட்டுத் தூக்கம் கெட்டவரைக் குற்றவாளியாக்குகிறது. இரண்டும் ஏற்கத்தக்கன அல்ல.

தெளிகனவு மாயமன்று, சித்தியுமன்று. 1913இல் டச்சு மருத்துவரும் எழுத்தாளருமான ஃபிரெடெரிக் வான் ஏடன் இப்பெயரை ஆங்கிலத்தில் நிலைநிறுத்தினார். 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன், உறங்குபவர் ஒருவர் முன்கூட்டியே பேசிவைத்த கண்ணசைவுகளால் கனவுக்குள்ளிருந்து சைகை காட்டியதைக் கருவியில் பதிவுசெய்தார். 1980களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் லபெர்ஜ் அதே வழியில் சான்றுகளைப் பெருக்கினார். ஐம்பதாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான பகுப்பாய்வு, ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒருமுறையேனும், 23 விழுக்காட்டினர் மாதம் ஒருமுறையோ அதற்கு மேலோ இக்கனவைக் கண்டுள்ளனர் என்கிறது. மனித மூளையின் இயல்புகளுள் ஒன்று அது, அவ்வளவே. எந்த மூளையில், எந்த நிலையில், என்ன விலை கொடுத்து அது நிகழ்கிறது என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

பயிற்றுநர்கள் விற்கும் முறைகளுள் பெயர்பெற்ற ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இரவில் ஐந்து மணி நேரம் போல உறங்கவேண்டும். மணி வைத்து எழவேண்டும். அரைமணி முதல் ஒருமணி வரை விழித்திருக்கவேண்டும். பிறகு மீண்டும் படுக்கவேண்டும். இதன் அடிப்படை எளிது. ஏறத்தாழ தொண்ணூறு நிமிடத்துக்கு ஒருமுறை சுழலும் உறக்கத்தில், கனவு மிகுந்த ரெம் உறக்கம் விடியலை நெருங்க நெருங்க நீளும். அந்நேரத்தில் விழிப்பைக் குறுக்கே செருகினால், மீண்டும் கண்ணயர்கையில் விழிப்பின் ஒரு கீற்று கனவுக்குள் நுழைந்துவிடுகிறது. சுருங்கச் சொன்னால், நல்ல தூக்கத்தைத் திட்டமிட்டு உடைப்பதே அந்த வித்தை.

இப்போது பலமனேருக்கு வரலாம். சித்தூர் மாவட்டத்தின் மேற்கில், சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில், ஆந்திரமும் கர்நாடகமும் தமிழ்நாடும் கூடும் எல்லைப் பகுதி அது. அதை ஒட்டிய காடுகள் 1990இல் கௌண்டின்யா வனவிலங்குச் சரணாலயமாயின. 1980களில் ஓசூர்ப் பக்கத்துக் காடுகளிலிருந்து வரத் தொடங்கிய யானைகள் இன்று பலமனேர், பைரெட்டிபள்ளி, வி.கோட்டா, குப்பம், பங்காருபாளையம் வட்டாரங்களின் அன்றாடம். நெல், கரும்பு, மா, வாழை, தக்காளி எதுவும் தப்புவதில்லை. அகழி வெட்டினார்கள்; சூரியமின் வேலி போட்டார்கள். யானை இரண்டையும் கடக்கக் கற்றுக்கொண்டது. எஞ்சியது உழவரின் கண் மட்டுமே. தெலுங்கில் மஞ்செ, தமிழில் பரண். பெயர் எதுவாயினும் வேலை ஒன்றுதான். விளைச்சல் முற்றும் காலத்தில் இரவில் பரணேறுவது, சிறிது கண்ணயர்வது, நாய் குரைத்தால் எழுவது, தகரம் தட்டிப் பட்டாசு வெடிப்பது, மீண்டும் சாய்வது. விடிந்ததும் பால் கறக்கவேண்டும். தக்காளிக் கூடையை வண்டியில் ஏற்றவேண்டும்.

பெருநகரத்துப் பயிற்றுநர் மணி வைத்துச் செய்யச் சொல்வதை இங்கே யானை செய்கிறது. உடைபடுவது அதே தூக்கம். வேறுபாடு ஒன்றே: அங்கே உடைப்பவர் விரும்பி உடைக்கிறார், சலித்தால் நிறுத்திக்கொள்ளலாம். பரணில் இருப்பவர் நிறுத்தினால் ஆறுமாத உழைப்பு ஒரே இரவில் மிதிபடும். ஒருவருக்குப் பொழுதுபோக்காகும் ஒன்று மற்றொருவருக்குக் கட்டாயமாகும் இடத்தில், அதை 'ஆற்றல்' என்று கொண்டாடும் ஆய்வுமொழி நேர்மையற்றதாகிவிடுகிறது.

இது வெறும் ஒப்புமையன்று. உடைந்த உறக்கத்துக்கும் தெளிகனவுக்கும் உள்ள உறவை நேரடியாக ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வொன்று, இரவில் அடிக்கடி விழிப்பதும், தூக்கத்தைத் துண்டு துண்டாகத் தூங்குவதும், ரெம் உறக்கத்துக்கும் விழிப்புக்கும் இடையே மாறிமாறிச் செல்வதும் தெளிகனவோடு தொடர்புடையன என்று கண்டது. தூக்கமும் விழிப்பும் எல்லை கலந்துபோகும் நார்கோலெப்சி நோயாளிகளுக்குத் தெளிகனவு மிகுதி என்பதும் அறியப்பட்ட செய்தியே. அவர்கள் பகலெல்லாம் தூங்கி விழுகிறார்கள். அவர்களை யாரும் கொடுத்துவைத்தவர் என்பதில்லை. இஸ்ரேலின் பென்குரியன் பல்கலைக்கழக உளவியலாளர் நிரித் சோஃபர்-டூடெக், 2020இல் எழுதிய கட்டுரையில், தெளிகனவு நல்லதுதானா என்று வெளிப்படையாகவே வினவினார். விழிப்பையும் உறக்கத்தையும் வேண்டுமென்றே கலப்பதற்கு விலை இருக்கலாம் என்பது அவர் வாதம்.

மறுதரப்புச் சான்றுகளையும் மறைக்கவேண்டியதில்லை. ஜெர்மனியில் நாட்குறிப்பு முறையில் நடந்து அதே ஆண்டு வெளியான ஆய்வு, தெளிகனவு கண்ட காலைகளில் சோர்வு மிகவில்லை என்று காட்டியது. கொடுங்கனவால் வதைபடுவோர்க்குத் தெளிகனவுப் பயிற்சியை மருத்துவ முறையாகக் கையாண்ட முயற்சிகளும் உண்டு. ஆனால் இவை சொல்வது என்ன? முழுத் தூக்கம் வாய்த்தவருக்கு எப்போதாவது வரும் தெளிகனவு கேடு செய்யாது என்பதே. தூக்கம் உடைந்ததனால் அக்கனவு வருபவருக்கு இந்தச் சான்று விடையாகாது. அவரைச் சோர்வடையச் செய்வது கனவன்று. கனவுக்குக் கதவு திறந்துவிட்ட உடைப்பு. கனவை மட்டும் அளந்து உடைப்பை அளக்காத ஆய்வு, புகையை அளந்துவிட்டு நெருப்பில்லை என்று எழுதும் அறிக்கைக்கு ஒப்பானது.

'அவர்களுக்கு அதெல்லாம் பழகிவிட்டது' என்பது கற்றவர்கள் கூசாமல் சொல்லும் இன்னொரு வாதம். 2003இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை இதற்கு விடையிறுத்துவிட்டது. பதினான்கு நாள் இரவுக்கு ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ உறங்கியவர்களின் கவனத்திறன், ஓரிரவு அல்லது ஈரிரவு அறவே உறங்காதவர்களின் நிலைக்குத் தாழ்ந்தது. தாம் அவ்வளவு தாழ்ந்துவிட்டதை அவர்களே உணரவில்லை என்பது அதனினும் முதன்மையான முடிவு. பழகிப்போவது சோர்வின் உணர்ச்சிதான். சோர்வின் கேடு பழகுவதில்லை. யானை எதிரே நிற்கும் இருட்டில், கவனம் ஒரு நொடி தவறுவதன் பொருள் என்னவென்று விரித்துரைக்கத் தேவையில்லை.

தமிழ் மரபைத் துணைக்கழைத்து இச்சோர்வை மெய்ஞ்ஞானமாக்குவோரும் இருக்கிறார்கள். கனவில் விழித்திருத்தலே துரியம் என்று மேடையில் முழங்குகிறார்கள். சைவ சித்தாந்தம் நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என ஐந்து அவத்தைகளை வகுத்தது உண்மை. ஆனால் கீழாலவத்தையில் அவ்வைந்தும் உயிர் தன் கருவிகளை ஒவ்வொன்றாக இழந்து இறங்கும் படிகள். அங்கே துரியம் என்பது வெற்றியன்று, இறக்கம். பெயர் ஒன்றாயிருப்பதால் மேலாலவத்தையின் பெருமையைத் தூக்கம் கெட்டவரின் தலையில் ஏற்றுவது, நூலையும் படிக்காத, நோயையும் பார்க்காத செயல்.

இந்த மண்ணின் கதையையே எடுத்துக்கொண்டாலும் இவ்வேறுபாடு துலங்கும். இன்றைய திருப்பதி மாவட்டத்துக் காளத்தி மலையில், திண்ணனார் இரவெல்லாம் கண் துஞ்சாது வில்லேந்திக் காவல் நின்றார் என்கிறது பெரியபுராணம். கனவு வந்தது அவருக்கன்று. தம் இருப்பிடத்தில் உறங்கிய சிவகோசரியாருக்கு. சேக்கிழார் காவலையும் கனவையும் ஒருவர்மேல் ஏற்றவில்லை. அகநானூற்றின் 102ஆம் பாடலில் பரணில் கானவன் கள்ளுண்டு கிடக்க, கொடிச்சி குறிஞ்சிப்பண் பாட, தினை கவர வந்த யானை நின்ற இடத்திலேயே உறங்கிப்போகிறது. அப்புலவர் யானைக்கும் தூக்கம் தந்தார். அப்பாடலை வகுப்பில் சுவைத்துக் காட்டும் பேராசிரியருக்கு, இன்றைய பரணில் இருப்பவர் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று கேட்கத் தோன்றவில்லையென்றால், அந்தச் சுவையில் ஏதோ குறை இருக்கிறது.

அரசின் கணக்கிலும் தூக்கத்துக்கு இடமில்லை. யானையால் நேரும் இழப்புக்கான உதவித்தொகை பயிரை, உடைமையை, காயத்தை, உயிரைக் கணக்கிடுகிறது. காவலில் கழிந்த இரவுகள் எந்தப் பத்தியிலும் வருவதில்லை. காவல் வெற்றி பெற்றுப் பயிர் தப்பிவிட்டால் இழப்பே இல்லை என்பது கணக்கு. அதாவது, தூக்கத்தை முழுதும் கொடுத்தவருக்கு ஒன்றுமில்லை. உச்சநீதிமன்றம் ராம்லீலா மைதான வழக்கில் 2012 பிப்ரவரியில் அளித்த தீர்ப்பில், நீதிபதி பி.எஸ்.சௌகான், உறக்கம் அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று எழுதினார். மான் பருவா, ஷோனில் பகவத், சுஷ்ருத் ஜாதவ் ஆகியோர் 2013இலேயே மனித – விலங்கு மோதலின் மறைந்த விலைகளைப் பற்றி எழுதினர். உடல்நலமும் மனநலமும் இழந்த வாய்ப்புகளும் இழப்பீட்டுக் கணக்கில் விடுபடுவதைச் சுட்டினர். உரிமை எழுத்தில் இருக்கிறது. ஆய்வும் அச்சில் இருக்கிறது. பரணில் இருப்பவரை இரண்டும் எட்டவில்லை.

2025 மே மாதம் கர்நாடகம் ஆந்திரத்துக்கு நான்கு கும்கி யானைகளை ஒப்படைத்தது. பலமனேருக்கு அருகே முசலிமடுகுவில் முகாம் அமைந்தது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் கும்கியின் வெற்றியை எதனால் அளப்பது? விரட்டிய யானைகளின் எண்ணிக்கையாலா, உழவர் முழுதாக உறங்கிய இரவுகளின் எண்ணிக்கையாலா? இரண்டாவது அளவை இல்லாதவரை, முதலாவது செய்தித்தாளுக்கு மட்டுமே பயன்படும்.

பலமனேரைச் சுற்றி அறிவு நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை. குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம், திருப்பதியில் 1954 முதல் வேங்கடேசுவரப் பல்கலைக்கழகம், மூன்று மணி நேரப் பயணத்தில் பெங்களூரு நிம்ஹான்சின் உறக்க ஆய்வுக்கூடம். தெளிகனவு ஆய்வுகள் பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவரையும் அதில் ஆர்வமுள்ள தன்னார்வலரையும் நம்பியே நடந்துவந்துள்ளன. விரும்பி வந்தவரை மட்டும் கேட்டால், விரும்பத்தக்கது என்ற விடைதான் கிடைக்கும். விரும்பாமல் விழிப்பவரைக் கேட்கும் ஆய்வு இந்த வட்டாரத்திலிருந்தே எழவேண்டும். உழவரிடம் தூக்க நாட்குறிப்பு எழுதச் செய்வதற்கோ, கையில் அசைவுமானி கட்டுவதற்கோ பெருநிதி தேவையில்லை. இழப்பீட்டுப் படிவத்தில் காவலிருந்த இரவுகளுக்கு ஒரு பத்தி சேர்க்கவும், முறைவைத்துக் கூட்டுக் காவலிருக்க ஊதியம் தரவும் ஓர் அரசாணை போதும்.

விடுதி அறைகளில் ஆய்வேட்டின் கெடுநாளுக்கு அஞ்சி மூன்று மணிக்கு எழுந்து ஐந்து மணிக்கு மீண்டும் படுக்கும் மாணவர்க்கும் இது பொருந்தும். அவர்களுக்கு வரும் தெளிகனவும் மறுநாள் சோர்வும் அறிவுக்கூர்மையின் அடையாளங்கள் அல்ல. அவர்கள் செய்யவேண்டியது மேலும் ஒரு பயிற்சிச் செயலியை இறக்குவதன்று. பயிற்சியை நிறுத்தவேண்டும், இரவில் எத்தனை முறை விழிப்பு வந்தது, எதனால் வந்தது என்று இரண்டு வாரம் குறித்துவைக்கவேண்டும், குறட்டையோ மூச்சடைப்போ பகலில் அடக்கமுடியாத தூக்கமோ இருந்தால் மருத்துவரிடம் செல்லவேண்டும். நெறியாளர் செய்யவேண்டியது, விடியற்காலை இரண்டு மணிக்கு வந்த மின்னஞ்சலை உழைப்பின் சான்றாகப் பாராட்டுவதை நிறுத்துவது.

கனவை ஆராய்வது தவறன்று. கனவு காண்பவருக்கு முதலில் முழுத் தூக்கம் வாய்த்ததா என்று கேளாமல் ஆராய்வது தவறு. அந்தக் கேள்வியைப் பலமனேரின் பரண்களிலிருந்து தொடங்குவதே ஆய்வுலகம் செய்யத்தக்க முதல் திருத்தம்.