படகுக்கு எது நல்லது? மணல் கரையா, மாடிக் கொட்டகையா?

துடியலூரில் ஏப்ரல், மே மாதங்களில் மீன் வாங்கப் போகிறவர்கள் விலையைக் கேட்டுத் திகைப்பதுண்டு. “கடல்ல தடைங்க” என்பார் வியாபாரி. தமிழ்நாட்டின் கிழக்குக் கடலில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக்கூடாது. மீன்கள் இனம் பெருக வேண்டும் என்பதற்காக இந்தத் தடை.

அந்த 61 நாளும் விசைப்படகுகள் சும்மா நிற்கின்றன. ஆனால் சும்மா நிற்கும் படகும் செலவு வைக்கும். அந்தச் செலவும் சேர்ந்துதான் மீன் விலையாக நம் வீட்டுக்கு வருகிறது.

தண்ணீரில் நின்றால்...

கடல் நீரில் கிடக்கும் படகின் அடியில் பாசி படரும். சிறு சிப்பிகள் ஒட்டும். மரப்படகு என்றால் புழு துளைக்கும். அடிப்பக்கம் சொரசொரப்பானால் படகின் வேகம் குறையும்; டீசல் கூடுதலாக எரியும். ஒரு பேச்சுக்கு, நாளுக்கு 5 லிட்டர் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 20 நாள் தொழிலுக்கு 100 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்றாலும் 9,000 ரூபாய் கடலில் கரைந்து போகிறது!

அடுக்கி வைக்கும் முறை

இதற்கு அமெரிக்கா போன்ற நாடுகளில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். உயரமான இரும்புச் சட்டங்களில், கிடங்கில் மூட்டை அடுக்குவது போல, படகுகளை மூன்று நான்கு தட்டுகளாக அடுக்குகிறார்கள். சொந்தக்காரர் சொல்லி அனுப்பினால், ‘போர்க்லிப்ட்’ என்னும் தூக்கு வண்டி படகை எடுத்துத் தண்ணீரில் இறக்கிவிடும்.

சௌகரியங்கள் பல. சிறிய இடத்தில் நிறையப் படகுகள் நிற்கும். பாசி பிடிக்காது. திருட்டுப் பயம் குறையும். ஆனால் கொட்டகை, தூக்கு வண்டி, ஓட்டுநர், காவல் எல்லாவற்றின் செலவும் மாத வாடகையாகப் படகுக்காரர் தலையில் விழும்.

நமக்குப் பொருந்துமா?

அங்கே அடுக்கி வைப்பவை பெரும்பாலும் உல்லாசப் படகுகள். விடுமுறை நாளில் ஒவ்வொருவராக வருவார்கள். நம் மீனவர்களோ ஏறக்குறைய ஒரே நேரத்தில், இருட்டோடு புறப்படுகிறவர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு படகை இறக்க 6 நிமிடம் என்றால், 100 படகுக்கு 600 நிமிடம். அதாவது 10 மணி நேரம். விடியற்காலை 3 மணிக்குத் தொடங்கினால் கடைசிப் படகு பகல் 1 மணிக்குத்தான் கடலைத் தொடும். அதற்குள் முதலில் போனவர் மீனோடு திரும்பியிருப்பார்!

பெரிய விசைப்படகுகளோ மிகவும் கனமானவை. அவற்றைத் தட்டுகளில் அடுக்குவது நடவாத காரியம்.

புயலும் ஒரு கவலை. 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினம் கரையில் ஏராளமான படகுகளை நொறுக்கியது. அடுக்குக் கொட்டகை இருந்தால் தப்பலாமே என்று தோன்றும். ஆனால் 2017-ல் ஹார்வி புயல் அமெரிக்காவின் டெக்சஸ் கரையில் அத்தகைய கொட்டகையையே சிதைத்தது. கொட்டகை பலமாக இல்லாவிட்டால் மேல் தட்டுப் படகு கீழ்த் தட்டுப் படகின் மேல் விழும்.

வாடகை இல்லாத கொட்டகை

படகை உலர வைப்பது தமிழனுக்குப் புதிதல்ல. கட்டுமரத்தைக் கரையேற்றி, கட்டுகளை அவிழ்த்து, மரங்களை வெயிலில் காய விடுவது பழைய வழக்கம். இன்றும் பைபர் படகுகளை ஆட்கள் கூடித் தள்ளியோ, டிராக்டரால் இழுத்தோ மணலில் ஏற்றுகிறார்கள். பாசி பிடிக்காத அதே லாபம் இங்கேயும் உண்டு. வாடகை மட்டும் இல்லை. நூறு படகும் ஒரே நேரத்தில் புறப்படலாம்.

ஆனால் அந்த மணல் எல்லா இடத்திலும் நிலைத்திருப்பதில்லை. சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது. வடக்கே கடல் கரையை அரித்தது. அங்கே கருங்கல் கொட்டித் தடுத்தார்கள். கல் மேட்டில் படகை எப்படி ஏற்றுவது? கரை போன ஊரில் மீனவர் படகை வேறிடத்தில் நிறுத்த வேண்டும். அதற்கும் காசு வேண்டும்.

எது முதலில்?

சுற்றுலாப் படகுகளுக்கும் காவல் படகுகளுக்கும் அடுக்குக் கொட்டகை ஏற்றதாக இருக்கலாம். தினமும் தொழிலுக்குப் போகும் படகுக்கு மணல் கரைதான் ஏற்றது. அங்கே இழுவை யந்திரம் ஒன்று வைத்தால் தோள் வலி குறையும். கோயம்புத்தூர்ப் பட்டறைகளுக்கு அது பெரிய வேலை அல்ல. விசைப்படகுகளுக்கு வேண்டியது, தடைக்காலத்தில் கரையேற்றிப் பழுது பார்க்கச் சரிவு மேடைகள்.

மாடிக் கொட்டகை கட்டுவதற்கு முன், இருக்கிற மணலைக் காப்பதே சிக்கனம். பணம் கொடுத்துக் கொட்டகையை எப்போது வேண்டுமானாலும் கட்டலாம். கடல் கொண்டுபோன கரையைத் திரும்ப வாங்குவது அத்தனை சுலபமல்ல.