நீலம் தானாக வெளுக்கட்டும்!

புதுத் துணி என்றால் பளிச்சென்று இருக்க வேண்டும். கிழிசல் இருந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

ஜீன்சுக்கு மட்டும் இந்த வழக்கம் தலைகீழாகிவிட்டது! வாங்கும்போதே அது வெளுத்திருக்க வேண்டும். முழங்காலில் நைந்திருக்க வேண்டும். கிழிந்திருந்தால் இன்னும் நாகரிகம்!

இது சரியா? சரியல்ல என்பதே என் கருத்து. வெளுத்த ஜீன்ஸ் மீது ஆசையா? வெளுக்காததை வாங்கி உடுத்துங்கள். அது தானாக வெளுக்கும்.

கிழியாமல் இருக்கப் பிறந்தது

ஜீன்ஸ் பிறந்த கதையைக் கேளுங்கள்.

அமெரிக்காவில் ரீனோ என்ற ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரர் இருந்தார். உழைப்பாளிகளின் கால்சட்டையில் பை அடிக்கடி கிழிந்தது. பையின் மூலைகளில் அவர் செம்பு ஆணிகளை அறைந்தார். பை கிழியவில்லை!

துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸ் அவருடன் கூட்டுச் சேர்ந்தார். 1873-ம் ஆண்டு மே 20-ந் தேதி இருவருக்கும் அதற்கான உரிமை கிடைத்தது.

கிழியக் கூடாது என்பதற்காகப் பிறந்த உடை அது. அதையா இன்று கிழித்து விற்பது?

கோடித் துணி

வெளுக்காத ஜீன்ஸ் இன்றும் கிடைக்கிறது. அதன் துணிக்கு "ரா டெனிம்" என்று பெயர். நம் மொழியில் சொன்னால் கோடித் துணி. துவைக்காமல், கல்லில் உரசாமல், கஞ்சி மொடமொடப்போடு இருக்கும்.

சாதாரண ஜீன்ஸ் துணி ஒரு சதுர கஜத்துக்கு 12 அல்லது 13 அவுன்சு எடை இருக்கும். 16 அவுன்சைத் தாண்டினால் அது கனத்த ரகம். 21 அவுன்சிலும் நெய்கிறார்கள். அதாவது, சதுர கஜத்துக்கு ஏறக்குறைய 600 கிராம்!

இவற்றில் "செல்வெட்ஜ்" என்பது பழைய நாடாத் தறியில் நெய்தது. ஊடை நூல் அறுபடாமல் போய்த் திரும்புவதால் ஓரம் தானே கரை கட்டிக்கொள்ளும். காலின் அடி மடிப்பைச் சுருட்டிப் பார்த்தால் வெள்ளைக் கரை தெரியும். பெரும்பாலும் அதில் ஒரு சிவப்பு நூலும் ஓடும்.

அமெரிக்காவில் கிரீன்ஸ்பரோ நகரின் ஒயிட் ஓக் ஆலை இந்தத் துணிக்குப் பேர்போனது. 1905-ல் தொடங்கிய அந்த ஆலை, 2017-ம் ஆண்டின் கடைசியில் மூடப்பட்டது. இன்று புகழ் பெற்ற இடம் ஜப்பானில் உள்ள கொஜிமா.

ஒன்றை மறக்க வேண்டாம். கரை இருப்பதால் மட்டும் துணி உழைத்துவிடாது. நூலும் நெசவும் நன்றாக இருக்க வேண்டும்.

ஏன் வெளுக்கிறது?

இதன் சாயம் நீலச்சாயம். ஒரு காலத்தில் அவுரிச் செடியில் இருந்து எடுத்தார்கள். 1897-ல் ஜெர்மனியில் இருந்து செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தது. இன்று பெரும்பாலும் அதுதான்.

சாயத்தொட்டியில் பாவு நூலை முக்கும்போது அது மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். வெளியே எடுத்ததும் காற்றுப் பட்டு நீலமாகும். பல முறை முக்கி எடுத்தாலும் சாயம் நூலின் நடுப்பகுதிக்குள் போவதில்லை. சிவப்பு முள்ளங்கி வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை அல்லவா? அதுபோலத்தான்!

உடுத்த உடுத்த மேல் நீலம் தேயும். உள் வெள்ளை தெரியும். தொடையில் மீசை போலக் கோடுகள் விழும். முழங்காலின் பின்னால் தேன்கூடு போல மடிப்புகள் தோன்றும். உட்கார்ந்து வேலை செய்பவருக்கு ஒரு விதம். ஓடியாடி வேலை செய்பவருக்கு வேறு விதம். ஒருவர் ஜீன்ஸ் போல இன்னொருவர் ஜீன்ஸ் வெளுக்காது!

நுரையீரலில் மணல்

இந்த அழகை அவசரமாகச் செய்ய ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காற்றின் வேகத்தில் மணலைத் துணி மீது பீய்ச்சி அடித்தார்கள். நீலம் உதிர்ந்தது. மணல் தூசு தொழிலாளியின் நுரையீரலுக்குள் போனது.

துருக்கியில் இந்த வேலை செய்த இளைஞர்கள் பலருக்கு "சிலிகோசிஸ்" என்ற நோய் வந்தது. நுரையீரல் இறுகிப்போகும் நோய் அது. அதைக் குணமாக்க மருந்து இல்லை. சிலர் இறந்தே போனார்கள். 2009-ல் துருக்கி அரசு இந்த முறைக்குத் தடை போட்டது. மறு ஆண்டு சில பெரிய நிறுவனங்கள் இதைக் கைவிடுவதாக அறிவித்தன. ஆனாலும் வங்காள தேசத்தில் இந்த வேலை நடப்பதாக 2012-ல் ஓர் அறிக்கை வந்தது.

இப்போது லேசர் ஒளியாலும் வெளுக்க வைக்கிறார்கள். வெளுத்த ஜீன்ஸ் எல்லாமே மணல் அடித்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடையில் தொங்கும் ஜீன்சைப் பார்த்து, அது எப்படி வெளுத்தது என்று யாரால் சொல்ல முடியும்? வெளுக்காத ஜீன்சில் அந்தச் சந்தேகமே இல்லை!

துவைக்கக் கூடாதா?

கோடி ஜீன்ஸ் பிரியர்களிடமும் ஒரு பைத்தியம் உண்டு. மாதக்கணக்கில் துவைக்க மாட்டார்கள். துவைத்தால் கோடுகள் மங்கிவிடுமாம்!

கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 2011-ல் ஒரு சோதனை நடந்தது. ஒரு மாணவர் 15 மாதங்கள் துவைக்காமல் ஒரே ஜீன்சை உடுத்தினார். கிருமிகளை எண்ணினார்கள். பிறகு துவைத்து, 13 நாள் உடுத்திய பின் மறுபடி எண்ணினார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்!

அப்படியானால் துவைக்கவே வேண்டாமா? வேண்டும்! கிருமியைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல இது. வேர்வையும் அழுக்கும் நூலில் ஏறினால், நடக்கும்போது அது நூலை அரைக்கும். தொடை இடுக்கில் துணி கிழியும். பக்கத்தில் உட்காருபவரின் மூக்கையும் நினைக்க வேண்டும் அல்லவா?

வாடை வந்தால் துவையுங்கள். கறை பட்டால் துவையுங்கள். இதுதான் என் கட்சி.

துவைக்கும் முறை

வாங்கும்போதே, துணி சுருங்குமா என்று கடையில் கேளுங்கள். சில ரகம் 100-க்கு 10 பங்கு வரை சுருங்கும். அதை நனைத்துச் சுருக்கிய பிறகே அளவு பார்க்க வேண்டும்.

துவைக்கும்போது உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பொத்தான்களைப் போடுங்கள். குளிர்ந்த தண்ணீர் போதும். காரமில்லாத சோப்பு போதும். பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். முறுக்கிப் பிழியாதீர்கள். நிழலில் உலர்த்துங்கள். முதல் சில தடவை நீலம் கழியும். வெள்ளைத் துணியோடு சேர்த்து ஊற வைக்க வேண்டாம். நூல் பிரிந்தால் அன்றே தைத்துவிடுங்கள்.

கனத்த ஜீன்ஸ் விலை அதிகம்தான். வெயிலுக்கும் ஏற்றதல்ல. எல்லோரும் அதையே வாங்க வேண்டும் என்பதில்லை. குறைந்த விலை ஜீன்சாக இருந்தாலும், கருநீலத்தில், கிழியாததாகப் பார்த்து வாங்குங்கள். பிள்ளைகள் வெளுத்ததைக் கேட்டால் மணல் தூசின் கதையைச் சொல்லுங்கள்.

வெளுப்பு என்பது உழைப்பின் அடையாளம். அது நம்முடைய உழைப்பாக இருக்கட்டும். இன்னொருவருடைய மூச்சாக இருக்க வேண்டாம்!