இருளிலும் அணையாத விளக்கு

தேர்வில் நல்ல மதிப்பெண் கிடைத்தால் ஓடிச்சென்று மெழுகுதிரி ஏற்றுகிறோம். வீட்டில் நோயோ துயரமோ வந்துவிட்டால், "கடவுள் எங்கே?" என்று ஜெபமாலையை மூலையில் வைத்துவிடுகிறோம். ஜெபத்தில் சுவை குன்றினால், விசுவாசமே போய்விட்டதென்று அஞ்சுகிறோம். இது சரிதானா?

சிறுமலர் என்று நாம் அன்போடு அழைக்கும் புனித குழந்தை தெரேசம்மாள், 15 வயதில் பிரான்சு நாட்டின் லிசியே நகரக் கார்மேல் மடத்தில் சேர்ந்தவர். 1896-ஆம் ஆண்டு புனித வாரத்தில் காசநோயால் இரத்தம் கக்கினார். அந்தப் பாஸ்கு காலத்திலேயே அவர் உள்ளத்தையும் இருள் சூழ்ந்தது. மோட்சம் உண்டா என்ற ஐயமே அவரை வாட்டியது. அவர் என்ன செய்தார்? விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். தம் சோதனையை மடத்துத் தலைவிக்கு ஒளிக்காமல் எழுதினார். புன்முறுவலையும் விடவில்லை. 1897 செப்டம்பர் 30-இல், 24-ஆம் வயதில் இறக்கும்வரை அச்சோதனை நீடித்தது. அவரையே 1925-இல் திருச்சபை புனிதராக உயர்த்தியது.

ஆகவே, ஐயம் எழுவதைக் கண்டு நாம் கலங்க வேண்டியதில்லை. அதற்குப் பணிந்து ஜெபத்தைக் கைவிடுவதே ஆபத்து. மனம் வறண்ட நாளில் ஒரு பரலோக மந்திரமாவது சொல்வோம். குழப்பத்தை உள்ளே பூட்டிவைக்காமல் ஆன்ம குருவிடமோ, நம் அருட்சகோதரிகளிடமோ சொல்வோம். பகலில் பழகிய பாதையில்தானே இரவிலும் வீடு திரும்புகிறோம்? தோழியரே, இன்றே அப்பாதையில் நடந்து பழகுவோம்!