உப்புக் காற்றும் நம் வண்டியும்

திருநள்ளாற்றுக்கு வருகிறவர்கள் நள தீர்த்தத்தில் முழுகிவிட்டு, உடுத்திய பழந்துணியை அங்கேயே விட்டுவிட்டுப் போவது நெடுநாளைய வழக்கம். பழையது போனால் பீடையும் போயிற்று என்பது நம்பிக்கை. துணி விஷயம் எப்படியாவது இருக்கட்டும். வண்டி விஷயத்திலும் நம்மவர்கள் இதே முறையைக் கைக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்களே என்பதுதான் என் வருத்தம். மட்கார்டில் நாலு துருப்புள்ளி கண்டால் போதும். "இனி இது உதவாது, வந்த விலைக்குத் தள்ளிவிடலாம்" என்று வீட்டில் பேச்சு எழுகிறது. நாலு புள்ளியை நாமே சுரண்டி, நாமே வர்ணம் பூசக் கற்றுக்கொள்ளலாமே என்றால், "அதெல்லாம் பட்டறைக்காரர் வேலை, ஸார்" என்று சிரிக்கிறார்கள்.

நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான். பிறகு பூசினேன். பூசிப் பாழாக்கினேன். பாழாக்கியதில் தெரிந்துகொண்டதைச் சொன்னால் நாலு பேருக்கு உபயோகப்படும் என்று தோன்றுகிறது.

காரைக்கால் கடற்கரை நம் ஊரிலிருந்து பத்து கிலோமீட்டருக்கு உட்பட்டதுதான். பிற்பகலில் கிழக்கேயிருந்து காற்றுப் புறப்பட்டால் உடம்புக்குச் சுகமாக இருக்கிறது. இரும்புக்கு அது சுகமில்லை. இரும்பும் ஈரமும் பிராணவாயுவும் சேர்ந்தால் துரு. கூடவே உப்பும் வந்து சேர்ந்துகொண்டால் அந்த வேலை மும்முரமாக நடக்கிறது. துருவுக்கு இன்னொரு துர்க்குணமும் உண்டு. தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே வர்ணத்தின் அடியில் புகுந்தவுடன் அதை நெம்பித் தூக்கிவிடுகிறது. மேலே நம் கண்ணுக்குத் தெரிவது மிளகளவு கொப்புளம்; உள்ளே ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் காரியம் முடிந்திருக்கும்.

வீட்டிலேயே வண்டிக்கு வர்ணம் பூசுவது நமக்குப் புதிதா, என்ன? மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு வர்ணம் தீட்டிய கையோடு வண்டிச் சக்கரத்துக்கும் நுகத்தடிக்கும் தீட்டியவர்கள் நம் பாட்டனார்கள். மாட்டு வண்டி போய் மோட்டார் வண்டி வந்ததும் அந்தக் கை எங்கே போய்விட்டது? இப்போது நாம் செய்வதெல்லாம் ஆயுத பூஜையன்று வண்டியைக் கழுவி, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதுதான். துருப்புள்ளியின் மேலேயே சந்தனப் பொட்டு வைத்துவிடுகிறோம்! பூஜை முடிந்து சில வாரங்களில் ஐப்பசி மழை பிடித்துக்கொள்கிறது. சந்தனம் கரைந்துவிடும், துரு கரையாது. பூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையை வண்டியைச் சுரண்டிப் பார்ப்பதற்கென்றே ஒதுக்கிவைத்தால், அது வண்டிக்கு நாம் செய்கிற மெய்யான பூஜையாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

என் கதைக்கு வருகிறேன். என்னுடைய ஸ்கூட்டர் 1994-இல் என் தகப்பனார் வாங்கியது. முழுவதும் இரும்புத் தகட்டு உடம்பு. 2018 நவம்பரில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையேறிய இரவில், தாழ்வாரத்தில் நின்றபடியே அது தொப்பலாக நனைந்தது. மறு வருஷம் மாசி மாதத்தில், 'நாமே பூசிவிடுவோம்' என்று துணிந்தேன். கொல்லைப்புறத்துப் பம்புத் தண்ணீரை வாளியில் பிடித்து வைத்துக்கொண்டு, உப்புத்தாளை நனைத்து நனைத்துத் தேய்த்தேன். அன்று பிற்பகலே வர்ணமும் பூசிவிட்டேன். முகம் பார்க்கலாம் போல மின்னிற்று. தெருவில் இரண்டு பேர் நிறுத்தி, "எந்தப் பட்டறை?" என்று விசாரித்தார்கள். எனக்குத் தலை கனத்துப்போயிற்று. ஆனால் ஐப்பசி பிறந்ததும் வண்டி முழுக்க அம்மை வார்த்தது போலக் கொப்புளம்!

காரைக்காலில் பட்டறை வைத்திருக்கும் பாய் ஒருவரிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். முப்பது வருஷத் தொழில்காரர். நகத்தால் ஒரு கொப்புளத்தைக் கீறிப் பார்த்தார்.

"எந்தத் தண்ணியிலே தேச்சீங்க?"

"வீட்டுப் பம்புத் தண்ணிதான், பாய்."

"உங்க பக்கத்துப் பம்புத் தண்ணி கரிக்குமே, ஸார். உப்பை உள்ளே வெச்சுல்ல மூடியிருக்கீங்க!"

ஆயிரம் ரூபாய் கொடுத்துப் படித்தாலும் கிடைக்காத பாடம் அது. வர்ணம் என்பது மெழுகுத் துணி அல்ல. மிக நுண்ணிய அளவில் ஈரத்தை உள்ளே விடும். அடியில் உப்பு இருந்தால் அந்த உப்பு வெளியிலிருக்கும் தண்ணீரைத் தன்னிடம் இழுத்துக்கொள்கிறது. இழுத்த தண்ணீர் போக வழியில்லாமல் வர்ணத்தைக் கொப்பளிக்கச் செய்கிறது. தஞ்சைத் தரணியின் உள்பக்கத்தில் இருப்பவர் செய்தால் தப்பிவிடக்கூடிய பிழை, கடலோரத்தில் இருக்கும் நமக்குத் தப்பாது. ஆகவே கடைசியாக இரண்டு முறையாவது நல்ல தண்ணீரில், குடிக்கிற தண்ணீரில், கழுவியே தீர வேண்டும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் இன்னும் விசேஷம். பிறகு நல்ல வெயிலில் நன்றாகக் காய வேண்டும்.

அவரிடம் சில ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து பார்த்ததில் இன்னொன்றும் விளங்கிற்று. வர்ணம் பூசும் வேலையில் வர்ணம் பூசுவது மிகச் சிறிய பங்கு. பத்து மணி நேர வேலை என்றால் ஒன்பது மணி நேரம் சுரண்டலும் தேய்ப்பும்தான். முதலில் சோப்புப் போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். துருப் பிடித்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷாலும், 80-ஆம் நம்பர், 120-ஆம் நம்பர் தாளாலும் வெள்ளைத் தகடு தெரிகிற மட்டும் தேய்க்க வேண்டும். இங்கேதான் பொறுமை போகும். 'கொஞ்சம் பழுப்பாக இருந்தால் என்ன, மேலே மூடிவிடப் போகிறோமே' என்று மனசு சொல்லும். மனசு சொல்வதைக் கேட்கக்கூடாது. சுத்தமான தகட்டை வெறுமனே ராத்திரி விட்டுவைக்கவும் கூடாது. நம் ஊர்க் காற்றில் விடிவதற்குள் மறுபடி பழுத்துவிடும். அன்றைக்கே பிரைமர் ஏற்றிவிட வேண்டும். பள்ளத்துக்குப் பட்டி வைத்து, 220, 320 தாளில் இழைத்து, மறுபடி பிரைமர்; அதை 400, 600 தாளில் மெல்ல நீவிவிட்டால் அப்புறம்தான் வர்ணத்தின் முறை.

வர்ணத்தில் ஜாதிகள் உண்டு, ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. பழைய எனாமல் மேல் தின்னர் கலந்த டூக்கோ வகையைப் பூசினால் எனாமல் சுருங்கிச் சுருக்கம் விழுந்துவிடும். கண்ணுக்குப் படாத மூலையில் தின்னர் தோய்த்த துணியை வைத்துப் பரீட்சை செய்துவிட்டு இறங்குவது புத்திசாலித்தனம். நம் பட்டறைகளில் சர்வ சாதாரணமாகப் புழங்கும் இந்த 'டூக்கோ' என்ற சொல், அமெரிக்க டூபாண்ட் கம்பெனி 1923-இல் மோட்டார் வண்டிகளுக்கென்று கொண்டுவந்த வர்ணத்தின் பெயர். அதற்கு முன்பெல்லாம் ஒரு காருக்கு வார்னிஷ் பூசிக் காயவைத்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். இது மணிக்கணக்கில் காய்ந்தது. ஃபோர்டு கம்பெனி 1914 முதல் 1925 வரை 'டி' மாடல் காரைக் கறுப்பு ஒன்றிலேயே விற்றதென்று படித்திருக்கிறேன். சனி பகவானுக்கு உகந்த நிறம் என்று என் நண்பர் ஒருவர் திருப்திப்பட்டுக்கொண்டார்!

சீக்கிரம் காயும் வர்ணத்துக்கு நம் ஊர் மழைக்காலம் ஆகாது. தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் பனி போலப் படிந்து வர்ணம் பால் பூத்துவிடுகிறது. ஆகையால் முழு வண்டிக்கும் பூசுவதாக இருந்தால் மாசி, பங்குனி. நாலு புள்ளி மட்டும் என்றால் புரட்டாசியில் வெயில் காயும் நாள். கடற்காற்று புழுதியைக் கொண்டுவருவதற்கு முன்பே, முற்பகலில் முடித்துவிடுவது நல்லது. டப்பாவை ஓர் அடி தூரத்தில் பிடித்து, சாரல் போல மெல்லிசாக நாலு தடவை. ஒரே தடவையில் ஏற்ற ஆசைப்பட்டால் வர்ணம் கண்ணீர் வடிக்கும். விளக்கையும் நம்பர் பலகையையும் காகிதம் ஒட்டி மறைத்துவிட வேண்டும். (வாசகர்கள் இந்த மலரைப் படித்து முடித்த பிறகு அதற்கு உபயோகித்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.)

ஓர் இடத்தில் மட்டும் நான் பட்டறைக்காரர் கட்சி. இந்தக் காலத்துக் கார்களுக்கு 'டூ-கே' என்று ஒரு வர்ணம் பூசுகிறார்கள். அதில் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அதன் புகை மூச்சில் ஏறினால் ஆஸ்துமா பிடித்துக்கொள்ளும். பிடித்தால் லேசில் விடாது. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொள்வது அதற்குப் பரிகாரம் அல்ல. வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகமூடியும் தனி அறையும் இல்லாமல் அதைத் தொடக்கூடாது. சாதாரண தின்னருக்கே திறந்த வெளி வேண்டும். பக்கத்தில் அடுப்போ பீடி நெருப்போ கூடாது. சைக்கிள், ஸ்கூட்டர், மொபெட் என்பதோடு நம் கைவரிசை நிற்கட்டும். அந்த முகமூடி இல்லாமல் எத்தனை பட்டறைகளில் இளைஞர்கள் காலை முதல் மாலை வரை பூசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை, நாம் வேலைக்கு விடப்போகும்போது ஒரு நிமிஷம் நின்று பார்க்கவேண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். வண்டியின் நிறம் பதிவுச் சான்றிதழில் இருக்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, சான்றிதழில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அதே நிறம் பூசினால் தொல்லை இல்லை. பச்சையை நீலமாக்கத் தோன்றினால் முதலில் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய்வர வேண்டும். பதினைந்து வருஷம் கடந்த சொந்த வண்டியை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அங்கே காட்டிப் பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டுமல்லவா? அடித்தகடு தின்னப்பட்ட வண்டியை எந்த முகத்தோடு கொண்டுபோய் நிறுத்துவது?

செலவு மிச்சமா என்றால், முதல் தடவை மிச்சமில்லை. பாழாக்கியதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் பட்டறையில் விட்டிருக்கலாம். ஆனால் ஒன்று: இரண்டாம் தடவை நல்ல தண்ணீரில் கழுவி நாலு ஞாயிற்றுக்கிழமைகள் தேய்த்து முடித்தபோது, என் வண்டியில் தண்ணீர் எங்கே தேங்குகிறது, மண் எங்கே அடைகிறது என்று விரலுக்கு விரல் தெரிந்துவிட்டது. தகப்பனார் காலத்திலிருந்து கால்மிதியின் அடியில் இருந்த ஓட்டையை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பாயிடம் கூலி பேரம் பேசுவதையும் அன்றோடு விட்டேன். ஒரு மட்கார்டை வழவழப்பாக்க எவ்வளவு தோள்வலி என்று தெரிந்தவனுக்குப் பேரம் பேச வாய் வராது.

இரண்டாம் வர்ணம் பல மழைக்காலம் கண்டுவிட்டது. இடது பக்க மூடியில் நிறம் ஒரு மாற்றுக் குறைவுதான். உற்றுப் பார்ப்பவர்கள் கேட்காமல் இருப்பதில்லை. பின் சக்கரத்துக்கு மேலே மறுபடி ஒரு மிளகளவு கொப்புளம் தலைகாட்டியிருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அதற்குத்தான். பக்கத்து வீட்டுப் பையனும் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். நல்ல தண்ணீர் இரண்டு குடம் இப்போதே பிடித்து மூடி வைத்தாயிற்று.