மீதமிருக்கும் மாத்திரை

சென்ற மழைக்காலத்தில் எங்கள் வகுப்பில் பாதி இருக்கைகள் காலியாகக் கிடந்தன. எங்கும் சளி, இருமல், காய்ச்சல். நாங்கள் குணமாகித் திரும்பியதும் உயிரியல் கற்பிக்கும் சகோதரி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "டாக்டரிடம் காட்டாமல், வீட்டில் மீதமிருந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரையைச் சாப்பிட்டவர்கள் எத்தனை பேர்?" முதலில் ஒரு கை உயர்ந்தது, பிறகு பல கைகள். இக்கட்டுரையை எழுதும் எங்கள் கைகளும் அவற்றுள் அடக்கம். சகோதரி கடிந்துகொள்ளவில்லை. "நுண்ணுயிரியல் பாடம் முடியட்டும், பிறகு பேசுவோம்" என்றார். பாடம் முடிந்தது. எங்கள் கருத்தும் மாறியது. அதை இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

பாக்டீரியா எல்லாம் பகைவர்கள் அல்ல. இரவில் அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்பது அவற்றின் உழைப்பால்தானே! முதல் சில மணி நேரம் மாவில் ஒரு மாற்றமும் தெரியாது. புதிய சூழலுக்கு அவை தம்மைப் பழக்கிக்கொள்ளும் காலம் அது. அதன்பின் பெருக்கம் தொடங்குகிறது. நம் குடலில் வாழும் ஈ.கோலை என்னும் பாக்டீரியா, நல்ல உணவும் சூடும் கிடைத்தால் சுமார் 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகிவிடும். அவ்வாறே தடையின்றிப் பெருகினால் 10 மணி நேரத்தில் 30 தலைமுறைகள். ஒன்று 107 கோடிக்கும் மேலாகிவிடும். பின்னர் உணவு குறையும், கழிவு சேரும், பெருக்கம் நிற்கும், மடிவும் தொடங்கும்.

ஒவ்வொரு முறை இரண்டாகும்போதும் அதன் டி.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது. பாடத்தைப் பார்த்து எழுதும்போது நமக்கு எப்போதாவது பிழை நேர்வதுபோல் அங்கும் அரிதாகப் பிழை நேர்கிறது. இதுவே சடுதிமாற்றம். கோடிக்கணக்கான படிகள் எடுக்கும்போது அரிய பிழையும் எங்கேனும் நேரத்தானே செய்யும்? அவற்றுள் ஏதோ ஒன்று, ஒரு மருந்தைத் தாங்கும் ஆற்றலை அந்தப் பாக்டீரியாவுக்குத் தந்துவிடக்கூடும்.

மருந்தைக் கண்ட பிறகுதான் பாக்டீரியா அதை எதிர்க்கக் கற்றுக்கொள்கிறதா, அல்லது எதிர்க்க வல்லவை முன்பே அங்கு இருந்தனவா? இக்கேள்விக்கு அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் எஸ்தர் லெடர்பெர்க், ஜோஷுவா லெடர்பெர்க் தம்பதியர் 1952-இல் அழகான விடை தந்தனர். பாக்டீரியா வளர்ந்த தட்டின்மேல் வெல்வெட் துணியை மெல்ல ஒற்றி எடுத்து, அதையே முத்திரைபோல் ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த வேறு தட்டுகளில் பதித்தனர். அத்தட்டுகளில் ஒரே இடத்தில் எதிர்ப்புள்ள கூட்டங்கள் முளைத்தன. மருந்தே படாத மூலத் தட்டில் அதே இடத்தைத் தேடிப் பார்த்தபோது, அங்கும் மருந்தை எதிர்ப்பவை இருந்தன! மருந்து அவற்றைப் படைக்கவில்லை. மற்றவற்றைக் கொன்று, இவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுத்தது. ஜோஷுவா 1958-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்; அதில் எஸ்தருக்குப் பங்கு இல்லை. ஆயினும் ஆய்வுக்கூடத்தில் கால் வைக்கப்போகும் நம் தோழியர் அவர் பெயரையும் நினைவில் வைக்க வேண்டும்.

இப்போது எங்கள் மாத்திரைக்கு வருவோம். சாதாரணச் சளி வைரஸால் வருவது. ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. ஆகவே நாங்கள் விழுங்கிய மாத்திரை சளியைத் தொடாமல், எங்கள் குடலில் தீங்கின்றி வாழ்ந்த பாக்டீரியாக்களைத்தான் அழித்தது; எதிர்க்க வல்லவற்றைப் பெருக விட்டது.

"தீங்கற்றவை பெருகினால் என்ன?" என்று கேட்கலாம். 1950-களில் ஜப்பானில் பல மருந்துகளுக்கும் ஒருங்கே அடங்காத சீதபேதிக் கிருமிகள் தோன்றின. அந்த எதிர்ப்பாற்றல் ஈ.கோலைக்கும் சீதபேதிக் கிருமிக்கும் இடையே கைமாறக்கூடியது என்று 1959-இல் அந்நாட்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கிறது. தோழி ஒருத்தி எழுதிய குறிப்பை மற்றவர்கள் வாங்கிப் படியெடுப்பது போலத்தான்! எனவே நாம் வளர்க்கும் எதிர்ப்பாற்றல் நம்மோடு நிற்பதில்லை. நாளை பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு உண்மையாகவே மருந்து தேவைப்படும்போது அது வேலை செய்யாமல் போகலாம். தேவையற்ற மாத்திரை நம் சொந்த விஷயம் அன்று என்பதே எங்கள் கருத்து.

டாக்டரிடம் போனால் ஒருநாள் கூலி போகும், கட்டணமும் ஆகும் என்று பெற்றோர் சொல்வதில் நியாயம் உண்டு. அந்தச் சிரமத்தை நாங்கள் அறிவோம். ஆனால் சாதாரணச் சளிக்கு ஓய்வும் வெந்நீரும் கஞ்சியும் பெரும்பாலும் போதும். அதற்குச் செலவும் இல்லை. காய்ச்சல் நீடித்தாலோ மூச்சுத் திணறினாலோ டாக்டரிடம் போயே ஆக வேண்டும். அங்கே மீதமிருந்த மாத்திரை உதவாது. மருந்தே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. காசநோய்க்கோ டைபாய்டுக்கோ டாக்டர் தரும் மருந்தை, அவர் குறித்த அளவில், குறித்த நாள் வரை தவறாமல் உண்பதே உயிர் காக்கும்.

மாத்திரை அட்டையில் உள்ள சிவப்புக் கோட்டைப் பலர் கவனிப்பதில்லை. அக்கோடு இருந்தால் டாக்டர் சீட்டின்றி வாங்கக்கூடாது என்பதை மக்களுக்கு உணர்த்த மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் ஓர் இயக்கமே தொடங்கியது.

அன்புத் தோழியரே! இந்த விடுமுறையில் அம்மாவோடு உட்கார்ந்து வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சிவப்புக் கோடிட்ட அட்டை மீதமிருந்தால் அடுத்த காய்ச்சலுக்கென்று சேர்த்து வைக்காதீர்கள். அன்பு மிகுதியால் அண்டை வீட்டாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த மழைக்காலத்திலும் சகோதரி அதே கேள்வியைக் கேட்பார். அப்போது எங்கள் வகுப்பில் ஒரு கையும் உயராது என்று உறுதி கூறுகிறோம். உங்கள் வகுப்பில்?