புல்வெளித் திட்டும் பூஞ்சைக்கொல்லியும்

போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) புல்வெளி ஒன்று திட்டுத்திட்டாகக் கருகினால், நம் துறையினரின் கை முதலில் நீள்வது மண்வெட்டிக்கு அன்று, பூஞ்சைக்கொல்லிக்கு. இதனை நோயறிதல் என்றழைப்பதை நான் மறுக்கிறேன்.

நாம் புரட்டும் கையேடுகள் பெரும்பாலும் அமெரிக்க மண்ணுக்காக எழுதப்பட்டவை. அருகம்புல்லில் வட்டத் திட்டுகள் விழ அவை கூறும் முதன்மைக் காரணங்களுள் ஒன்று, குளிர்காலத்தில் உறங்கும் புல் வசந்தத்தில் விழிக்காமலே மடியும் ஒரு வேர்நோய். வெப்பநிலை இருபது பாகைக்குக் கீழ் அரிதாகவே இறங்கும் அந்தமானில் புல் அவ்வாறு உறங்குவதே இல்லை. ஆயினும் அந்நோயின் பெயரை மாணவர் செயல்முறை ஏடுகளில் கண்டிருக்கிறேன், மதிப்பெண்ணும் இடப்பட்டிருந்தது!

பூஞ்சையே இல்லை என்பது என் வாதமன்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை பெறும் மண்ணில் அது தழைக்கத்தான் செய்யும். ஆனால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை இதே தீவு வறள்கிறது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்து, சிப்பிகாட் வயல்களுக்குள் கடல் புகுந்ததை மறந்துவிட்டோமா? தாழ்ந்த கரையோரத்தில் புல் கருகினால் முதலில் அளக்க வேண்டியது உப்பை. மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் அது உவர்நிலம். அதற்குப் பூஞ்சைக்கொல்லி என்ன செய்யும்?

திட்டின் விளிம்பைப் பாருங்கள். அதிகாலைப் பனியில் அங்கே வெண்ணிழை படர்ந்திருந்தால் பூஞ்சையை ஐயுறலாம். பிடித்து இழுக்கையில் புல் பாய்போல் சுருண்டு வந்தால் வேர்ப்புழுவைத் தேடுங்கள். விளிம்பு நேர்கோடாக இருந்தால் அது மனிதர் கைவேலை. பூஞ்சை அளவுகோல் வைத்துப் பரவுவதில்லை.

நான் அறிந்த ஒரு வளாகத்தில் (பெயர் வேண்டாம்) பிப்ரவரியில் கருகிய திட்டுக்கு மூன்று முறை மருந்தடித்தனர். பலனில்லை என்றதும் தினக்கூலித் தோட்டக்காரர் நீர் பாய்ச்சவில்லை என்று பழி சுமத்தி, நான்கு நாள் கூலியைப் பிடித்தனர். திட்டின் ஓரமோ நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. வெட்டிப் பார்த்தேன். ஒரு சாண் ஆழத்தில் செங்கல் துண்டுகள், சிமெண்ட் கட்டிகள்: கட்டடம் எழுப்பியவர்கள் புதைத்துச் சென்ற கழிவு. வேர் இறங்க இடமில்லை, நீர் தங்க மண்ணில்லை. 'அடியில கல்லு இருக்குன்னு முதல் நாளே சொன்னேங்க' என்றார் தோட்டக்காரர். முனைவர் பட்டம் பெற்ற மூவர் அங்கு வந்து பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.

குழியின் படத்துடன் அறிக்கை அளித்துவிட்டேன். நான்காம் முறை மருந்து வாங்குவதற்கான கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது. பிடித்த கூலி இன்னும் அவர் கைக்கு வரவில்லை.