நம் பிள்ளைகளுக்கும் அரைப்பேரா?

கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் போடுவதை நாம் எதிர்த்து வருகிறோம். காய்ந்த மலைக்கும் துளிர்த்த மலைக்கும் ஒரே நிறை கேட்பது நியாயமில்லை என்று நிர்வாகத்திடம் வாதாடுகிறோம். இதே அநியாயம் நம் பாடசாலைகளின் ஆரம்ப வகுப்புகளிலும் நடக்கிறது. அதையும் சங்கப் பிரச்சினையாக எடுக்க வேண்டும் என்பதே என் கருத்து.

வகுப்பில் பாடம் திகதிப்படி நகர்கிறது. இந்த வாரம் கூட்டல், அடுத்த வாரம் கழித்தல். எல்லாப் பிள்ளைகளும் நேற்று வகுப்பில் இருந்தார்கள் என்ற கணக்கில்தான் இந்த ஓட்டம். நம் பிள்ளைகள் பலர் இருக்கவில்லை. அடைமழையில் மேற்பிரிவிலிருந்து இறங்க முடியவில்லை. அம்மா மலைக்குப் போனதால் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. திரும்பி வரும்போது பாடம் தாண்டிப் போய்விட்டது.

பத்து எது, ஒன்று எது என்று பிடிபடாத பிள்ளையிடம் 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும். பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று மட்டும் அதற்குத் தெரியும். அதனால் 7இலிருந்து 2ஐக் கழித்துவிடுகிறது. கொப்பியில் பிழை போடுகிறோம். மறுநாள் பெருக்கல் தொடங்குகிறது. இப்படியே தரம் 5 வந்ததும், “தோட்டத்துப் பிள்ளைக்கு இவ்வளவுதான்” என்று பேர் வைத்துவிடுகிறார்கள்.

அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் 1968இல் இதற்கு ஒரு வழி சொன்னார். எல்லோருக்கும் ஒரே அளவு நேரம் கொடுத்தால் சிலர் மட்டுமே முழுதாகக் கற்பார்கள். எல்லோரும் கற்க வேண்டுமானால் நேரம் பிள்ளைக்குப் பிள்ளை மாற வேண்டும். ஒரு படியை நன்றாகத் தேறிய பிறகுதான் அடுத்த படி. தேறாத பிள்ளைக்கு வேறு விதமாகச் சொல்லிக் கொடுத்து, மறுபடியும் பார்க்க வேண்டும்.

இது ஏட்டோடு நின்ற யோசனை அல்ல. ஆந்திராவின் ரிஷி வேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான முறையைத் தழுவி, சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 2003இல் ‘செயல்வழிக் கற்றல்’ என்று தொடங்கின. 2007இல் அது தமிழ்நாட்டின் அரசு ஆரம்பப் பள்ளிகளுக்குப் பரவியது. பாடங்களைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்தார்கள். எந்தப் படிக்குப் பிறகு எந்தப் படி என்று காட்டும் ஏணிப்படியை வகுப்பில் மாட்டினார்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரில் கரும்பலகை அமைத்தார்கள். பத்து நாள் வராத பிள்ளையும் விட்ட படியிலிருந்தே தொடரலாம். நமக்கு வேண்டியது இதுதான்.

நம் நாட்டிலும் 1990களின் இறுதியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் ‘அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள்’ பற்றிப் பேசியது. ஆகவே நாம் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. கடதாசியில் உள்ளதை வகுப்பில் நடத்தத்தான் கேட்கிறோம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. மலையில் நிறையைக் குறைக்கச் சொல்கிறோம். வகுப்பில் ஒருபோதும் அப்படிக் கேட்கக்கூடாது. பிள்ளைக்கு நேரம் கூடலாம், கற்க வேண்டிய அளவு குறையக்கூடாது. “மெதுவாகப் படிக்கட்டும்” என்று பிள்ளையை மூலையில் உட்கார வைப்பது இந்த முறையின் பேரால் செய்யப்படும் ஏமாற்று.

“ஐந்து வகுப்பும் ஒரே மண்டபத்தில் இருந்த பழைய தோட்டப் பள்ளிக்கூடத்துக்கே திரும்பப் போகிறோமா?” என்று மூத்த தோழர்கள் கேட்கலாம். நியாயமான பயம். அங்கே ஒரே ஆசிரியர் எல்லோரையும் மேய்த்தார். இங்கே ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் படியில் நிற்கிறது என்று ஆசிரியர் தினமும் பார்த்தாக வேண்டும். வேலை கூடுமே தவிரக் குறையாது. அதனால்தான் இது ஆசிரியர் எண்ணிக்கைப் பிரச்சினையும்கூட. 2015இல் ஆசிரியர் உதவியாளர்களாக வந்த நம் இளைஞர்கள் நிரந்தர நியமனத்துக்காக எத்தனை ஆண்டுகள் அலைந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆளே போடாமல் முறையை மட்டும் மாற்றினால் பழி ஆசிரியர் மேல் விழும், நட்டம் பிள்ளைக்கு.

புலமைப்பரிசில் பரீட்சை எல்லோருக்கும் ஒரே நாளில்தானே என்றும் கேட்பார்கள். உண்மை. ஆனால் தரம் 2இல் வாசிக்கத் தெரியாமல் போன பிள்ளைக்குத் தரம் 5இல் டியூஷன் கொடுத்துப் பயனில்லை. அடியில் தேறிய பிள்ளைதான் மேலே வேகமாக ஏறும்.

வலயக் கல்விப் பணிமனைகளிடம் சங்கம் வைக்க வேண்டிய கோரிக்கைகள்:

1. தரம் 1, 2 ஆகியவற்றுக்குத் தனித்தனி ஆசிரியர் வேண்டும்.

2. தினமும் ஒரு பாடவேளையில், தரம் பார்க்காமல் படி பார்த்துப் பிள்ளைகளைக் குழுவாக்கி வாசிப்பும் கணக்கும் கற்பிக்க வேண்டும்.

3. அட்டைகளையும் உபகரணங்களையும் அரசு தர வேண்டும். பெற்றோரிடம் காசு கேட்கக்கூடாது.

4. பிள்ளை எதைத் தேறியது, எதைத் தேறவில்லை என்பதைத் தவணைக்கு ஒருமுறை பெற்றோருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும்.

தோழர்களே, தோட்டக் கமிட்டித் தலைவர்களே! பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குக் கையெழுத்துப் போட மட்டும் போகாதீர்கள். “என் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது? அடுத்த படிக்கு ஏற்ற என்ன செய்கிறீர்கள்?” என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் அதை எழுதிச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள்.